தரை ஆடினால் டிரைபாடும் ஆடும்

2013இல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவு அலங்காரத்தைப் படம் எடுத்தேன். டிரைபாட், அதாவது மூன்று கால் ஸ்டாண்ட் இருந்தது, கேமராவைத் தொடாமல் படம் எடுக்கிற கேபிள் ரிலீஸ் இருந்தது, லென்ஸும் நல்ல லென்ஸ். ஷட்டர் திறந்திருந்தது அரை விநாடி. 43 படம் எடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. வெள்ளிக் கவசத்தின் விளிம்பு இரட்டையாக இருந்தது. புள்ளியாகத் தெரிய வேண்டிய மூக்குத்திக் கல் சின்னக் கோடாக இழுபட்டிருந்தது.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. நான் ஸ்டாண்ட் போட்டது மேளக்காரர்களுக்காக அடித்த பலகை மேடையில். அதன் ஓரத்தில், பலகையை ஒட்டியே ஜெனரேட்டர். மறுநாள் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது போய் அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை கூசியது. அந்தத் துடிப்பு முழுவதும் டிரைபாட் காலில் ஏறி, கேமராவைப் பொருத்துகிற தலை வழியாகக் கேமராவுக்குப் போயிருக்கிறது.

அதுவரை டிரைபாட் போட்டால் படம் ஆடாது என்றே நம்பியிருந்தேன். டிரைபாட் கேமராவைத் தரையோடு கட்டிப்போடுகிறது, அவ்வளவுதான். தரை ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும். என்ன ஸ்டாண்ட் வாங்கலாம் என்று இங்கே தம்பிமார் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீ படம் எடுக்கிற இடத்தில் எது ஆடுகிறது? உன் கையா, நிற்கிற தரையா, இல்லை படம் பிடிக்கிற ஆளா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஊரைச் சுற்றிச் செம்பனை, அதாவது பாமாயில் மரம். இந்த நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டமே பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டம்தான். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை நட்டது. அப்பா 30 வருடம் குலை வெட்டியவர். நான் 14 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று வார இறுதிகளில் படம் எடுக்கிறேன்.

டிரைபாட் காலைப் பற்றி நான் உருப்படியாகக் கற்றது அப்பாவின் கம்பிலிருந்துதான். வயதான மரத்தில் குலை 10 மீட்டருக்கு மேலே இருக்கும். அதற்கு ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற அலுமினியக் கம்பு, நுனியில் வளைந்த அரிவாள். நான் புது டிரைபாடை வாசலில் விரித்துக் கால்களைக் கடைசி வரை இழுத்து நிறுத்தியபோது, அப்பா வந்து ஒரு காலை விரலால் தட்டிப் பார்த்தார். "கம்பை முழுசா நீட்டினா நுனி நம்ம பேச்சைக் கேட்காதுடா தம்பி. தடிச்சதை முதல்ல இழு. மெலிசு கடைசியில, அதுவும் தேவைப்பட்டா மட்டும்."

அதே கணக்குதான். டிரைபாட் காலில் கீழே போகப் போகக் குழாய் மெலிகிறது. முழு உயரம் வேண்டாத இடத்தில் மேலே உள்ள தடித்த குழாயை மட்டும் இழுத்தால் போதும். இதனால்தான் மூன்று துண்டுக் கால், நான்கு ஐந்து துண்டுக் காலை விட உறுதியாக நிற்கும். ஐந்து துண்டு சின்னதாக மடங்கும், பயணத்துக்கு நல்லது. கடைசிக் குழாய் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு நான்கு துண்டு நல்ல நடுவழி. காரில் போகிறவர் மூன்று துண்டே வாங்கலாம்.

கால்களுக்கு நடுவே ஏறி இறங்குகிற நடுத்தண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை முழுக்க ஏற்றிவிட்டால் கேமரா ஒற்றைக் குச்சியின் உச்சியில்தான் நிற்கிறது, கீழே மூன்று கால் இருந்தும் பயன் குறைவு. ஆகவே வாங்கும்போது நடுத்தண்டு ஏற்றாத உயரத்தைப் பாருங்கள். என் உயரம் 170 செ.மீ., கண் மட்டம் சுமார் 158. தலைக்கு 10 செ.மீ., கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடம் வரை இன்னொரு 8 செ.மீ. கழித்தால், கால் மட்டும் 140 செ.மீ. எழும்பினால் எனக்குக் குனியாமல் பார்க்க முடியும். சரிவான இடத்தில் நிற்கிற பழக்கம் இருந்தால் இன்னும் ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் முதல் டிரைபாட் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. பெட்டியில் 5 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது. மூன்றாவது மாதம் ஒரு காதுகுத்து வீட்டில், கேமராவுக்கு அடியில் பூட்டுகிற பிளேட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்தது. கேமரா முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பட்டையைக் கையில் சுற்றியிருந்ததால் தரையில் விழாமல் தொங்கியது. வாங்கிய கடையில் கேட்டால் அந்த பிளேட் தனியாக வராது என்றார்கள். ஒரு சின்னத் துண்டு பிளாஸ்டிக்குக்காக முழு ஸ்டாண்டும் மூலைக்குப் போனது. அப்போது அந்தக் காசு எனக்குப் பெரிய காசு, அந்த வருத்தம் ரொம்ப நாள் இருந்தது.

அதனால் பெட்டியில் போட்ட கிலோவை நம்பி வாங்காதீர்கள். எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி அளப்பதில்லை. உடையாமல் தாங்குவது ஒன்று, ஆடாமல் தாங்குவது இன்னொன்று. உங்கள் கேமராவும் கனமான லென்ஸும் சேர்ந்து 2 கிலோ என்றால், 6 கிலோவாவது போட்ட ஸ்டாண்டைப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை உண்டு. கேமராவையும் உங்களிடம் உள்ள நீளமான லென்ஸையும் கடைக்கே எடுத்துப்போங்கள். ஸ்டாண்டை உங்கள் உயரத்துக்கு நிறுத்தி, பின்திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். திரையில் படம் அதிர்ந்து எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்குள் அடங்கினால் நல்ல ஸ்டாண்ட். மூன்று, நான்கு என்று போனால் வைத்துவிட்டு வாருங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

பிளேட் உலோகமாக இருக்கட்டும். ஆர்க்கா வகை என்று சொல்கிற, சுமார் 38 மி.மீ. அகல பிளேட் இப்போது பல நிறுவனங்களும் செய்கின்றன. ஒன்று தொலைந்தால் இன்னொன்று எளிதாகக் கிடைக்கும். கேமராவுக்கு அடியில் போகிற திருகு கால் அங்குலம், காலுக்கும் தலைக்கும் நடுவே பெரும்பாலும் 3/8 அங்குலம். தலையை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பழைய கால் நன்றாக இருந்தால் தலையை மட்டும் வாங்குங்கள். பிளேட் திருகு மெல்ல மெல்லத் தளரும். சிலதை 20 சென் காசால் முடுக்கலாம், சிலதுக்கு அறுகோணச் சாவி வேண்டும். அந்தச் சாவியை டிரைபாட் காலிலேயே ரப்பர் பேண்டால் கட்டிவையுங்கள். பையில் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கிடைக்காது.

எந்தத் தலை என்றால், ஓடி ஓடி எடுக்கிற வேலைக்கு உருண்டைத் தலை, அதாவது பால் ஹெட். ஒரே குமிழைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் திரும்பும். இறுக்கிய பிறகு லென்ஸ் நுனி கொஞ்சம் கீழே இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள், மலிவானதில் இறங்கும். கோபுரம், கட்டடம், கூட்டப்படம் என்று நிதானமாகக் கோடு பார்த்து எடுக்கிறவருக்கு மூன்று கைப்பிடித் தலை சுலபம், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சரிசெய்யலாம். வீடியோவுக்கு எண்ணெய் போட்ட ஃப்ளூயிட் தலை வேண்டும், மற்ற தலைகளில் திருப்பினால் இடையிடையே தடுக்கும்.

கார்பனா அலுமினியமா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். கார்பன் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். ஆனால் ஓரிடத்தில் நசுங்கினால் விரிந்துவிடும், அப்புறம் அந்தக் காலை மாற்றத்தான் வேண்டும். மோட்டார் பின்னால் கட்டிச் செம்மண் சாலையில் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு அலுமினியம் போதும் என்பது என் கருத்து. மிச்சப் பணத்தை நல்ல தலைக்குப் போடுங்கள்.

சரி, மோனோபாட், அதாவது ஒற்றைக் கால் ஸ்டாண்ட். பத்துமலைத் தைப்பூசத்துக்கு வருடா வருடம் போகிறேன். 272 படி, மனித வெள்ளம். அங்கே மூன்று காலை விரிப்பது பக்தர்களுக்கு இடைஞ்சல், உங்களுக்கும் ஆபத்து. நான் மோனோபாட் மட்டும் எடுத்துப்போகிறேன். அதை முன்னால் நேராக ஊன்றி நின்றால் பாதிப் பயன்தான். அடியைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்து, கால்களை அகட்டி, உடம்பின் எடையை லேசாக அதன்மேல் சாய்க்க வேண்டும். உங்கள் இரண்டு காலும் அந்தக் குச்சியும் சேர்ந்து மூன்று காலாக நிற்க வேண்டும். மேலும் கீழுமான ஆட்டம் நின்றுவிடும். பக்கவாட்டு ஆட்டம் கொஞ்சம் இருக்கும், அதற்கு மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே அழுத்துங்கள்.

கையில் பிடிக்கும்போது 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 விநாடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. மோனோபாட் இருந்தால் 1/50 வரை எனக்கு வருகிறது. ஆனால் காவடி ஆடுகிறவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவரை நிறுத்த 1/250 வேண்டும், எந்த ஸ்டாண்டாலும் அதைக் குறைக்க முடியாது. அப்படியானால் மோனோபாட் எதற்கு? ஒன்றரைக் கிலோ லென்ஸை ஆறு மணி நேரம் தூக்கி நிற்கத்தான். கை ஓய்ந்தவன் நல்ல தருணத்தில் கேமராவைக் கீழே இறக்கி வைத்திருப்பான். எங்கள் தோட்டத்துத் தீமிதியிலும் இப்படித்தான். பூக்குழியில் இறங்கும்போது 1/500. அதற்கு முன், மஞ்சள் துணியில் கரகத்தோடு வரிசையில் நிற்கிற முகங்களுக்கு 1/30. மோனோபாட் நிஜமாகக் கைகொடுப்பது அந்தக் காத்திருப்பில்தான், எனக்குப் பிடித்த படங்களும் அங்கேதான் கிடைத்திருக்கின்றன.

கல்யாண மண்டபத்தில் நடந்த ஒன்றை எழுதாமல் விட முடியாது. தாலி கட்டும் நேரம், நடைபாதை ஓரமாக டிரைபாட் போட்டிருந்தேன். ஒரு கால் அரை அடி வெளியே நீட்டியிருந்தது. ஆறு வயதுப் பெண் குழந்தை பூத்தட்டோடு ஓடிவந்து அதில் தடுக்கி விழுந்தது. உதடு கிழிந்து பட்டுப்பாவாடை முழுக்க ரத்தம். கேமராவும் விழுந்து லென்ஸ் வளையம் வளைந்தது, அது அப்போது எனக்குத் தெரியவே இல்லை. குழந்தையின் பாட்டி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, "பிள்ளைங்க ஓடுற இடம்யா, பார்த்து வைக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மண்டபத்தில் நடைபாதைப் பக்கம் கால் போகவே கூடாது என்பது என் சட்டம். ஒரு கால் படம் எடுக்கிற திசையில், மற்ற இரண்டுக்கும் நடுவில் நான். ஸ்டாண்டை விட்டு நகர்ந்தால் கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். மேலிருந்து முழு மேடையும் வேண்டுமென்றால், மாடிக் கைப்பிடிக் கம்பியில் இரும்புக் கிளாம்ப் போட்டு, பட்டையை இரண்டாவது சுற்றாகக் கட்டிவிடுகிறேன். கிளாம்ப்புக்குத் தரையில் இடமே வேண்டாம்.

அப்புறம் மின்மினி. எங்கள் ஊர் வழியாக ஓடுகிற சிலாங்கூர் ஆறு கடலுக்குப் போகிற வழியில் கம்போங் குவாந்தான் இருக்கிறது. ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒன்றாகக் கண்சிமிட்டும். துடுப்புப் போடுகிற சம்பானில் கூட்டிப்போவார்கள். அந்தச் சம்பானில் டிரைபாடை விரித்து வைத்துக் காத்திருக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். மின்மினிக்கு 15 விநாடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். படகு மிதக்கிறது, டிரைபாட் படகோடு ஆடுகிறது. 2,000 வெள்ளி ஸ்டாண்டாக இருந்தாலும் படத்தில் பச்சைக் கிறுக்கல்தான் வரும். சம்பானில் கேமராவை மூடி வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். படம் கரையிலிருந்து மட்டும்.

கரையிலும் மரத்துறையின் பலகை வேண்டாம். யாராவது நடந்தால் போதும், படகு வந்து முட்டினால் இன்னும் மோசம். நான் கரை மண்ணில்தான் நிறுத்துகிறேன். சேற்றில் கால் இறங்காமல் இருக்க மைலோ டின் மூடி மூன்று, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று. மூடியை வைத்து, ஸ்டாண்டை நிறுத்தி, மேலிருந்து இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இறங்குகிற அளவு இறங்கி அமர்ந்துவிடும். அதன் பிறகு எடுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200, ஒவ்வொன்றும் 15 விநாடியாகப் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கலாம். டிரைபாட் இம்மிகூட நகராமல் இருந்தால்தான் இலை இலையோடு பொருந்தும்.

அங்கே வெளிச்சமே ஆகாது. ஃபிளாஷ் மட்டும் இல்லை, கைப்பேசித் திரையும் டார்ச்சும்கூட மின்மினிக்கு இடைஞ்சல். இரண்டு விநாடி டைமர் போட்டால் பல கேமராக்களில் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும், அதை மறந்துவிடாதீர்கள்; கறுப்பு டேப் ஒட்டுங்கள், அல்லது கேபிள் ரிலீஸ் போதும். படம் எடுத்ததும் பின்திரையில் காட்டுவதை நிறுத்தி வையுங்கள். இதனால் ஸ்டாண்டைக் கையால் மட்டுமே தெரிந்து வேலை செய்ய வேண்டும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு விரித்து மடக்கிப் பழகினேன். தலையின் பிரதான குமிழில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன், விரலுக்கு எது பிரதானம் என்று உடனே தெரிய. இருட்டில் தவறான குமிழைத் தளர்த்திக் கேமரா சட்டென்று தலைசாய்ந்த அனுபவம் எனக்கு உண்டு.

கோலசிலாங்கூர் பக்கம் போகிறவர்கள் ஸ்கை மிரரையும் விடமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் கடல் நன்றாக வற்றும்போது, கரையிலிருந்து தள்ளி ஒரு மணல்திட்டு வெளியே வரும். படகில் போக வேண்டும். மேலே ஒரு பூச்சுத் தண்ணீர் நிற்க, அதில் வானம் தெரியும். இங்கே அப்பாவின் பாடத்தை மாற்றிப் போட வேண்டியிருக்கும். தடித்த குழாயை முதலில் இழுத்தால் அடிப்பூட்டு மணலுக்குள் போய்விடும். அடியில் உள்ள மெல்லிய குழாயை ஒரு சாண் முதலில் இழுத்து, பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். திருகுப் பூட்டுக்குள் உப்புமணல் போனால் நறநறவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீர் காலைச் சுற்றியுள்ள மணலை அரிக்கும், அதனால் ஒவ்வொரு படத்துக்கு முன்பும் அமுக்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கால்களை முழுக்க இழுத்து, முடிந்தால் கழற்றி, கழுவி, நிழலில் விரித்தபடியே காயவிடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் உள்ளே உப்பு பூக்கும். பூட்டின் மரையில் துளி கிரீஸ் போதும். குழாய்க்கு எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

மூட்டை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் என்னிடம் உள்ள மிக மலிவான, மிக நம்பகமான ஸ்டாண்ட். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரு முனையும் தைத்து, உள்ளே 2 கிலோ பச்சைப்பயறு. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியிருக்க விடுவார்கள். மாலை ஏழரை மணிக்குக் கூகை பெட்டி வாசலில் வந்து உட்காரும். வெள்ளை முகம், கறுப்புக் கண், பார்த்துக்கொண்டே இருக்கலாம். இறங்கி டிரைபாட் விரித்தால் பறந்துவிடும். காரை விட்டு இறங்காமல் இருந்தால் கண்டுகொள்ளாது.

என் பழைய கஞ்சில் காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் மூட்டையைப் போட்டு, 400 மி.மீ. லென்ஸை அதில் குழி பறித்துப் படுக்க வைக்கிறேன். பயறு லென்ஸின் வடிவத்துக்கு ஏற்ப வழிந்து அமர்ந்துகொள்ளும். 1/40 விநாடியில்கூட கூகையின் நெஞ்சுப் புள்ளிகள் தனித்தனியாக வந்திருக்கின்றன. ஒரே நிபந்தனை, எஞ்சினை அணைக்க வேண்டும். ஏர்கான் இல்லாமல் அரை மணி நேரம் வேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் இருக்கிறவரும் அசையக் கூடாது; கார் ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது, ஒருவர் திரும்பி உட்கார்ந்தால் கேமராவுக்கு அது பூகம்பம். ஒருமுறை என் மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்த மாலையில் கிடைத்த படம்தான் வீட்டில் மாட்டியிருக்கிறது. பயற்றை மாதம் ஒருமுறை வெயிலில் கொட்டிக் காயவையுங்கள். நம் ஊர் ஈரத்தில் வண்டு வைத்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவோ லென்ஸோ ஆட்டத்தைத் தானே சரிசெய்கிற வசதியோடு வந்தால், உறுதியான டிரைபாடில் அதை அணைத்துவிடுங்கள். புதிய லென்ஸ்கள் பலவும் தானே புரிந்துகொள்ளும், பழையவை இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாங்களே ஆடும். மோனோபாடில் அது இருக்கட்டும். கண்ணாடி எழும்புகிற பழைய வகைக் கேமராவில், 1/30 முதல் ஒரு விநாடி வரையிலான ஷட்டருக்கு அந்தக் கண்ணாடி எழும்புகிற அடியே படத்தைக் கெடுக்கும். அதற்குக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்கிற வசதி உண்டு, பயன்படுத்துங்கள்.

2019இல் எங்கள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, உடைக்கப்போகிறார்கள் என்று உறுதியானது. 18 குடும்பம். எல்லோரும் சேர்ந்து கோயில் முன்னால் ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்த நேரம். பினாங்கிலும் ஜொகூரிலும் இருக்கிற பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். அந்த இடத்தில் தரை கரிமண். நடந்தால் கம்பளம் மாதிரி அமுங்கி எழும். அதனால் யாரையும் ஸ்டாண்ட் பக்கம் வரவிடவில்லை. மைலோ மூடி மூன்றையும் வைத்து, அமுக்கி, பத்து நிமிடம் விட்டேன். நடுத்தண்டு ஏற்றவில்லை, உயரத்துக்கு மேசையில் ஏற்றலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். தண்ணீர் போத்தல் இரண்டை நடுத்தண்டு கொக்கியில் கட்டி, அவை தரையைத் தொடும்படி விட்டேன். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி எடையே ஆட்டமாகிவிடும்.

1/60 விநாடி, எஃப் 8. இந்த ஷட்டருக்குக் கையில் பிடித்தே எடுத்திருக்கலாம். அன்று டிரைபாட் வேண்டியிருந்தது வேறு காரணத்துக்கு. 80 பேருக்கு மேல் நிற்கிற படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடத்தான் செய்வார். படச்சட்டம் அசையாமல் இருந்தால் பத்துப் படம் எடுத்து, ஒரு படத்தில் மூடிய கண்ணுக்கு இன்னொரு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைக்கலாம். முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை எனக்காகக் காலியாக விட்டிருந்தார்கள். பழ லாரி ஒன்று வளைவில் வந்துகொண்டிருந்தது. அது கடந்து மண் அடங்கும் வரை எல்லோரையும் காத்திருக்கச் சொன்னேன். பிறகு 10 விநாடி டைமரில், அடுத்தடுத்து ஐந்து படம் எடுக்கும்படி வைத்துவிட்டு நடந்தேன். கரிமண் என்பதால் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அப்பா என் முழங்கால் மேல் கையை வைத்தார்.

மூன்று முறை அப்படி எடுத்தோம். 16க்கு 24 அங்குலத்தில் அச்சடித்து 18 குடும்பத்துக்கும் கொடுத்தோம். அப்பா தன் படத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பின்வரிசைக்கும் பின்னால், லயத்தின் கதவுகளில் வெள்ளைச் சுண்ணாம்பில் எழுதிய வீட்டு எண்கள் வரிசையாகத் தெரிகின்றன. எங்கள் வீட்டின் 11 என்ற எண்ணை இப்போதும் அதில் படிக்கலாம்.